கதவருகே சொன்ன உண்மை

நேயர்களுக்கு வணக்கம். இன்று கல்லூரி மாணவர்களோடு பேச வந்திருக்கிறேன். பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் வானொலியை அணைத்துவிடாதீர்கள், அவர்களும் கேட்கட்டும்.

ஒரு மாணவர் என்னிடம் வைத்தியத்துக்கு வந்தார். பத்து நிமிடம் தலைவலியைப் பற்றியே பேசினார். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கதவுவரை போனவர், கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டார். பிறகுதான் உண்மை வந்தது. ஆணுறை இல்லாமல் உடலுறவு கொண்டு ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மாத்திரைகளை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாட்கள் விடாமல் சாப்பிட வேண்டும். அந்த 72 மணி நேரத்தை வெட்கம் தின்றுவிட்டது. பரிசோதனைகளில் தொற்று இல்லை என்று தெரியும்வரை அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"கையில் ஆணுறை இல்லையா?" என்று கேட்டேன். பர்ஸிலிருந்து எடுத்துக் காட்டினார். உறை கசங்கி, ஓரம் வெளுத்திருந்தது. மாதக்கணக்கில் பர்ஸில் கிடந்தால் சூடும் உராய்வும் ரப்பரைக் கெடுத்துவிடும். காலாவதித் தேதியைப் பாருங்கள். எண்ணெய்ப் பசையுள்ள எதையும் தடவாதீர்கள்; ரப்பர் பலவீனமாகிக் கிழியும். இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதும் தவறு. ஒவ்வொரு முறையும் புதிய ஒன்று, தொடக்கத்திலிருந்தே.

அதை அவர் ஏன் பயன்படுத்தவில்லை? "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்று துணை கேட்டாராம். எத்தனையோ பேரை வாயடைக்க வைத்த கேள்வி இது. உடலுறவால் பரவும் கிளமிடியா போன்ற தொற்று பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாது. இருப்பது அவர்களுக்கே தெரியாதபோது, நேர்மையானவர்கூட "எனக்கு ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார். கவனிக்காமல் விட்டால் அது பெண்களின் கருத்தரிக்கும் வாய்ப்பையே பாதிக்கலாம். கண்டுபிடித்தால் மருந்தில் குணமாகும். ஆகவே இருவரும் சேர்ந்தே பரிசோதனைக்குப் போங்கள்.

அவசரக் கருத்தடை மாத்திரை கருவைத்தான் தடுக்கும், நோயைத் தடுக்காது. அதையும் எவ்வளவு சீக்கிரம் சாப்பிடுகிறீர்களோ அவ்வளவு பலன். உடலுறவால் பரவி, புற்றுநோய்க்கும் காரணமாகக்கூடிய எச்.பி.வி. என்ற வைரஸுக்கான தடுப்பூசி ஆண்களுக்கும் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். போதையில் தள்ளாடுபவரின் தலையசைப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அந்த மாணவர் வந்துபோன பிறகு, இளைஞர்கள் யார் வந்தாலும், அவர்கள் எழுந்து கதவுக்குப் போகுமுன் நானே கேட்டுவிடுகிறேன்: "வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா? நேரம் இருக்கிறது, உட்காருங்கள்."