மார்லினும் வாள்மீனும் ஒரே மீனா? சூரைக்குச் சொந்தமா?

போன வீடியோவுக்குக் கீழே ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: “மார்லின், வாள்மீன் இரண்டுக்கும் மூக்கு நீளம். இரண்டும் ஒன்றுதானா? சூரை மீனுக்கு உறவு என்கிறார்களே, அது சரியா?”

முதல் கேள்விக்குப் பதில், இல்லை. வாள்மீன் தன் குடும்பத்தில் மிஞ்சியிருக்கும் ஒரே இனம். மார்லின்கள் மயில்மீனோடு சேர்ந்து வேறொரு குடும்பம். நாம் மூக்கு என்று சொல்வது நீண்டு வளர்ந்த மேல்தாடைதான். அது மார்லினுக்கு உருண்டையாக இருக்கும், வாள்மீனுக்குத் தட்டையாக இருக்கும்.

படத்தில் அது தெளிவாகத் தெரியவில்லையா? வயிற்றைப் பாருங்கள். மார்லினுக்கு அடிவயிற்றில் நூல் மாதிரி ஒல்லியாக இரண்டு துடுப்புகள் இருக்கும். வாள்மீனுக்கு அவை அறவே கிடையாது. அப்புறம் வால் தொடங்கும் இடம். மார்லினுக்குப் பக்கத்துக்கு இரண்டு சின்ன மேடுகள், வாள்மீனுக்கு ஒரே பெரிய மேடு. வளர்ந்த வாள்மீனுக்குச் செதிலும் இல்லை, பல்லும் இல்லை.

ஆனாலும் இரண்டும் நெருங்கிய உறவுதான். அதற்கு எனக்கு மிகவும் பிடித்த சாட்சி கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டு மீனுக்கும் கண்ணை அசைக்கும் தசைகளில் ஒன்றின் பெரும்பகுதி, சுருங்கி விரியும் வேலையை விட்டுவிட்டு வெப்பம் உண்டாக்கும் உறுப்பாகவே மாறிவிட்டது. உடம்பு முழுவதையும் அது சூடாக்குவதில்லை, மூளையையும் கண்ணையும் மட்டும்தான். வாள்மீன் பல நூறு மீட்டர் ஆழத்துக்கு இறங்கி இரை தேடும். அந்தக் குளிரில் கண் மந்தமாகிவிட்டால், விரைந்து ஓடும் கணவாயை எப்படிப் பிடிப்பது? சூடான கண்ணால் வேகமான அசைவைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது. எவ்வளவு அழகான ஏற்பாடு!

இனி சூரை. பழைய வகைப்பாட்டில் இவற்றைச் சூரையோடுதான் வைத்திருந்தார்கள். இரண்டும் நெடுந்தூரம் நீந்துபவை, உடல்வாகும் ஒத்துப்போகும். மரபணுவைப் பார்த்தபோது படம் மாறிவிட்டது. இவற்றுக்கு நெருக்கமான சொந்தம் பாறை மீன்களும், இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கிற நாக்கு மீன் வகைகளும்தான். ஒரே மாதிரி வாழ்க்கை, உறவில்லாத மீன்களுக்கும் ஒரே மாதிரி உடம்பைக் கொடுத்திருக்கிறது.

மார்லின்களுக்குள்ளேயும் மாற்றம் உண்டு. கருப்பு மார்லினை முன்பு நீல மார்லினோடு மகைரா பேரினத்தில் வைத்திருந்தார்கள். 2006இல் வெளிவந்த ஆய்வுக்குப் பிறகு அது இஸ்டியோம்பாக்ஸ் என்ற தனிப் பேரினம். அதனால் மகைரா இண்டிகா, இஸ்டியோம்பாக்ஸ் இண்டிகா என்று இரண்டு பெயர்களைப் பார்த்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் கருப்பு மார்லின்தான்.