வட்டத்துக்கு ஓர் ஆதரவு நபர் வேண்டும்

(குழந்தைகள் பாதுகாப்பு குறித்துக் குடியாத்தத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இக்கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்றப் பெருமக்களே, பள்ளி வேலைகளுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் தலைமையாசிரியர்களே, வழக்கறிஞர் பெருமக்களே, மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பாளர்களே, பீடித் தொழிலையும் தீப்பெட்டித் தொழிலையும் கைத்தறியையும் தோளில் தாங்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். வாடகை வாங்காமல் மண்டபத்தைத் தந்த உரிமையாளருக்கும், எனக்குப் பொன்னாடை போர்த்திய பெரியவருக்கும் நன்றி. பெருந்தலைவர் காமராசரை 1954 இடைத்தேர்தலில் வெற்றிபெறச் செய்து சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர் இது. பள்ளிப் பிள்ளைகளின் பசியைப் பற்றிக் கவலைப்பட்ட தலைவரைத் தேர்ந்தெடுத்த மக்கள் முன்னால், பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேசக் கிடைத்த வாய்ப்பை நான் பெரும் பேறாகக் கருதுகிறேன்.

மூன்று செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைக்கு வழக்கில் துணை நிற்கும் ‘ஆதரவு நபர்’ யார் என்பது முதலாவது, இழப்பீடு இரண்டாவது, பள்ளிகளின் கடமை மூன்றாவது.

‘அழுத பிள்ளை பால் குடிக்கும்’ என்பார்கள் நம் பெரியவர்கள். எந்த மேடை ஏறினாலும் இந்தப் பழமொழியைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை. ஏனென்றால், பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளை பெரும்பாலும் அழுவதில்லை. சோற்றைத் தள்ளிவைக்கும், பழையபடி படுக்கையை நனைக்கத் தொடங்கும், குறிப்பிட்ட ஒருவர் வீட்டுக்கு வந்தால் மட்டும் உள்ளறைக்குப் போய்விடும். செய்தவர் உறவினராகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ, குடும்பமே மதிக்கும் ஒருவராகவோ இருக்கும்போது, அந்தப் பிள்ளை யாரிடம் போய் அழும்?

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்க 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ சட்டம் இதை உணர்ந்தே எழுதப்பட்டது. குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் காவலர், சீருடை அணியாமல் பதிவுசெய்ய வேண்டும். இரவு நேரத்தில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கூடத் தம் கேள்விகளை நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். இவ்வளவையும் சட்டம் சொல்கிறது. இதை அந்தத் தாய்க்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

எனக்குத் தெரிந்த ஒரு தாயைப் பற்றிச் சொல்கிறேன். ஊரையும் பெயரையும் சொல்லமாட்டேன். கொடுமைக்கு ஆளான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது சட்டப்படி குற்றம், அறப்படியும் குற்றம். பேர்ணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றிப் பிழைக்கும் பெண் அவர். வழக்கு பதிவானவுடன், கேஸைப் பார்த்துக்கொள்கிறேன், வக்கீலுக்குப் பணம் வேண்டும் என்று ஒரு தரகர் வீட்டுக்கே வந்தார். அந்தம்மா காதில் கிடந்த கம்மலைக் கழற்றி அடகுவைத்துப் பணம் கொடுத்தார். போக்சோ வழக்கை நடத்துவதற்கு அரசே சிறப்பு அரசு வழக்கறிஞரை நியமிக்கிறது, அவருக்கு ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை என்று சொல்ல, தாயே, அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை.

வாய்தா நாள் வந்தது. அன்றைய கூலியை இழக்க மனமில்லாமல், வயர் கூடையில் ஈரத்துணி சுற்றிய இலையையும், தூளையும், கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு, மகளைப் பள்ளிச் சீருடையிலேயே கூட்டிக்கொண்டு முதல் பேருந்தில் வேலூர் வந்தார். நல்ல உடை என்று அந்தப் பிள்ளையிடம் இருந்தது அந்தச் சீருடைதான். நீதிமன்ற வாசலில் கூடையைச் சோதித்த காவலர், கத்தரிக்கோலை உள்ளே விட முடியாது என்றார். அவர் மீது தவறில்லை, அது விதி. ஆனால் இலை வெட்டும் கத்தரி போனால் பிழைப்பே போய்விடும் என்று அந்தம்மா அங்கேயே நின்றுவிட்டார். உள்ளே வழக்கின் பெயரைக் கூப்பிடுகிறார்கள். வெளியே தாய் கத்தரிக்காகக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார். அந்தப் பிள்ளையோ கூட்டத்தில் எதிரியின் உறவினர்களைப் பார்த்துவிட்டு அம்மாவின் முந்தானையைப் பிடித்து முகத்தை மூடிக்கொண்டது.

அப்போதுதான் குழந்தைகள் நலக் குழு நியமித்த ஆதரவு நபரான அம்மையார் வந்து சேர்ந்தார். வேறொரு வழக்கை முடித்துவிட்டு ஓடிவந்தவர். கத்தரியை வாங்கி எதிரே இருந்த டீக்கடைக்காரரிடம் ஒப்படைத்தார். பிள்ளைக்குப் பாலும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். “இன்னொரு தடவை எல்லாத்தையும் சொல்லணுமா, மிஸ்?” என்று பிள்ளை கேட்டதும், எங்கே உட்கார வேண்டும், திரை எங்கே இருக்கும், யார் கேள்வி கேட்பார், தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் கேட்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்று அந்தப் பிள்ளை நீதிபதியிடம் தெளிவாகப் பேசியது. அந்தத் துணை வழக்கின் முதல் நாளே கிடைத்திருந்தால், கம்மல் காதிலேயே இருந்திருக்கும்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்றால், அழத் தெரியாத பிள்ளைக்காகக் கேட்கும் குரல் ஒன்று வேண்டும். அந்தக் குரல்தான் ஆதரவு நபர். 2020 போக்சோ விதிகளின்படி, குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால், விசாரணையிலும் வழக்கிலும் உடன் நிற்க ஆதரவு நபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, எதிரிக்குப் பிணை கிடைத்ததா, அடுத்த வாய்தா எப்போது என்பதையெல்லாம் குடும்பத்துக்குச் சொல்வது அவர் வேலை. அவருக்கான ஊதியம், திறன்பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையக் கூடாது என்றும் அந்த விதிகளே கூறுகின்றன. ஆகவே நாம் சலுகை எதையும் கேட்கவில்லை; சட்டத்தில் இருப்பதைத்தான் கேட்கிறோம்.

2019இல் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பிறகு, வேலூரில் ஆறு வட்டங்கள் இருக்கின்றன. அணைக்கட்டு வட்டத்துப் பீஞ்சமந்தை மலையிலிருந்து ஒரு குடும்பம் கீழே இறங்கி வருவதற்குள் பாதி நாள் போய்விடும். ஆதரவு நபர் மாவட்டத் தலைநகரான வேலூரிலேயே இருந்தால், அவர் அந்தக் குடும்பத்தின் வீட்டுப் படியை மிதிப்பது எப்போது? அந்தந்த வட்டத்திலேயே வாழ்கிற, அந்தப் பேச்சு வழக்கை அறிந்த, பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் செவிலியர்களும் சமூகப்பணி படித்த பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள்; அவர்களைப் பட்டியலில் சேர்த்து, பயிற்சி கொடுத்து, ஊதியத்தைத் தாமதமின்றிக் கொடுத்தால் போதும்.

இழப்பீட்டைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு எந்த நிலையிலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீட்டுக்கு உத்தரவிடலாம். உணவு, உடை, போக்குவரத்து போன்ற உடனடித் தேவைகளுக்குக் குழந்தைகள் நலக் குழு தனியே நிதியுதவி பரிந்துரைக்கலாம். இதற்கெல்லாம் மனு எழுதிக் கொடுப்பவர் யார் என்று கேட்டால், மறுபடியும் ஆதரவு நபரிடம்தான் வந்து நிற்கிறோம். பள்ளிகளைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன்; தலைவர் அவர்கள் நேரத்தைப் பார்க்கிறார். தலைமையாசிரியர்களிடம் இதை மட்டும் வேண்டிக்கொள்கிறேன்: குற்றம் நடந்தது தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மூடி மறைக்காதீர்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் பிள்ளைகளின் கண்மட்டத்தில் எழுதிவையுங்கள்.

ஆறு வட்டங்களுக்கும் ஆதரவு நபர்களை நியமிக்கக் கோரும் மனு மண்டப வாசலில் மேசைமீது இருக்கிறது. வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் அதை மாவட்ட ஆட்சியரிடம் நேரில் கொடுக்கப் போகிறோம். போகும்போது ஒவ்வொருவரும் கையொப்பமிட்டுச் செல்லுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத தாய்மார்களுக்காக மைப்பெட்டியும் வைத்திருக்கிறோம். நன்றி, வணக்கம்.