சுவரைப் பார்க்கும் ஸ்கேன்

(சிங்கப்பூரில் சமூக மன்றக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். பக்கவாதம் ஏன் வருகிறது என்று கேட்டால் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, சிகரெட் என்று நீங்களே கடகடவென்று சொல்லிவிடுவீர்கள். சரிதான். ஆனால் இந்த நான்கும் இல்லாத இளவயதுக்காரருக்கு வந்தால்?

இப்படி ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வயது 28. ஊர் புதுக்கோட்டைப் பக்கம், வேலை துவாஸில், ஜாகை ஊழியர் விடுதியில். மூன்று வாரமாகத் தலைவலி. மாலையானால் உடம்பு கதகதவென்று இருக்கிறது. எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு எடுத்தால் ஓவர்டைம் போய்விடும் என்று பனடோலைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். ஒருநாள் காலை பல் துலக்கும்போது பிரஷ் கையிலிருந்து நழுவுகிறது, வாய் ஒரு பக்கம் கோணுகிறது. அறைத் தோழர்கள் தைலம் தேய்த்துக்கொண்டிராமல் உடனே ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்.

மருத்துவமனையில் முதலில் சிடி ஸ்கேன். மூளையில் ரத்தக்கசிவு இருந்தால் அதில் வெள்ளையாகத் தெரிந்துவிடும். அடைப்பு என்றால் முதல் சில மணி நேரம் படம் சுத்தமாகவே இருக்கலாம். எம்ஆர்ஐயில் டிஃப்யூஷன் என்று ஒரு படம் எடுப்போம். ரத்தம் கிடைக்காமல் செல்கள் வீங்கி, நீர் அசைய முடியாமல் நிற்கும் இடத்தை அடைப்பு விழுந்த சில நிமிடங்களிலேயே பளிச்சென்று காட்டிவிடும். அப்புறம் ஆஞ்சியோகிராம். எந்தக் குழாய் சுருங்கியிருக்கிறது என்று அதில் தெரியும்.

பெரும்பாலும் இதோடு நின்றுவிடுகிறோம். எனக்கு அதில்தான் மனத்தாங்கல். ஆஞ்சியோகிராம் காட்டுவது குழாய்க்குள் ஓடும் ரத்தத்தை, குழாயை அல்ல. எம்ஆர்டி ரயில் மெதுவாகப் போவதைப் பார்த்துச் சுரங்கத்தில் ஏதோ கோளாறு என்று யூகிக்கலாம். சுவரில் விரிசலா, நீர்க்கசிவா என்று ரயிலைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

சுவரைப் பார்க்கத் தனி எம்ஆர்ஐ முறை இருக்கிறது. ஓடும் ரத்தத்தைக் கறுப்பாக்கிவிடுவோம்; சுற்றியுள்ள மூளை நீரையும் முடிந்தவரை அடக்கிவிடுவோம். மிஞ்சுவது ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத மெல்லிய சாம்பல் வளையம். படத்தில் பளிச்சென்று காட்டும் கேடோலினியம் என்ற மருந்தை ஊசியில் போட்டதும், அழற்சி இருந்தால் அந்த வளையம் சுற்றிலும் வெள்ளையாக ஒளிரும். கொழுப்புப் படிவு என்றால் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் தடித்திருக்கும். வளையம் தெரிந்துவிட்டது என்று துள்ளவும் கூடாது. கம்பி விட்டு அடைப்பை எடுத்த குழாயும் பிறகு இப்படி ஒளிர்வதுண்டு.

சுவர் ஏன் புண்ணாகிறது? நம் பக்கத்தில் முதலில் நினைக்க வேண்டியது காசநோய். மூளையின் அடிப்பகுதியில் பசைபோல அழற்சி படிந்து, அங்கே போகும் குழாய்களைச் சுற்றிக்கொள்ளும். வேலை அனுமதிக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்ததே என்பார்கள். உடம்பில் உறங்கும் கிருமி எக்ஸ்ரேயில் தெரியாது.

அடுத்தது அக்கி. ஊரில் காவியைக் குழைத்து அக்கி எழுதியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அது சின்னம்மைக் கிருமிதான். நரம்பில் பதுங்கியிருந்து பல வருஷம் கழித்துக் கிளம்புகிறது. இடது கண்ணோரம் அக்கி வந்தால், அதே நரம்பு வழியாகக் கிருமி மூளையின் ரத்தக்குழாய்ச் சுவருக்கும் போகலாம். கொப்புளம் ஆறிச் சில வாரமோ மாதமோ கழித்து வலது கை விழும். இரண்டையும் யார் முடிச்சுப் போடுவார்கள்? மேகநோய் (சிபிலிஸ்) என்ற பாலியல் நோயும் இப்படிச் சுவரைப் புண்ணாக்கும்.

எந்தக் கிருமி என்று படம் சொல்லாது. முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். காசநோய்க் கிருமி ஆய்வகத்தில் வளர வாரக்கணக்கில் ஆகும். சந்தேகம் வலுவாக இருந்தால் அதற்குக் காத்திராமல் மருந்தை ஆரம்பித்துவிடுவார்கள்.

இன்னொன்று, இதய வால்வில் கிருமி. அதிலிருந்து துணுக்குகள் தெறித்து மூளையில் பல இடங்களில் அடைக்கும். வழக்கமான அடைப்புக்கு நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போடுவோம். இங்கே அதே ஊசி மூளைக்குள் ரத்தம் கசிய வைத்துவிடலாம் என்பதால் தவிர்க்க வேண்டும். காய்ச்சல் இருந்த விஷயம் வாசலிலேயே தெரிய வேண்டும்.

சுவர் ஸ்கேன் எல்லோருக்கும் எடுப்பதில்லை. நேரம் பிடிக்கும்; நோயாளி அசையாமல் படுத்திருக்க வேண்டும். மருத்துவர் சந்தேகப்பட்டுக் கேட்டால்தான் எடுப்போம். அந்தச் சந்தேகம் நோயாளியின் கதையிலிருந்து வரும். அவருக்கோ வாய் கோணிப் பேச்சு குழறுகிறது. அதனால் அறைத் தோழர் ஒருவர் கூடப் போக வேண்டும். காய்ச்சல் எத்தனை நாள், உடம்பு இளைத்ததா, இருமல், அக்கி, வால்வுக் கோளாறு என்று தெரிந்ததைச் சொல்லட்டும். பாலியல் நோய் பற்றிக் கேட்டாலும் கோபப்பட வேண்டாம். பென்சிலின் போட வேண்டிய கேஸா என்று பார்க்கிறார்கள்.

சரி, கேள்விகளுக்கு வருவோம். முன்வரிசையில் ஓர் அம்மா ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கியபடி இருக்கிறார்.