தூரத்துப் புயலும் நம்மூர்க் கடலும்
(கடற்கரை ஊர் நூலகம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களே, அக்கா தங்கச்சிமாரே, முன்வரிசையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

நீங்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகளில் பாதிக்கு மேல் கடலைப் பற்றித்தான். முக்கடலும் நிறம் பிரிந்து கலக்காமல் நிற்பது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி நிற்கவில்லை. தண்ணீர் ஒன்றுதான். ஆழம், கலங்கிய மணல், மேகம், வெயிலின் சாய்வு மாற மாற நிறமும் மாறித் தெரிகிறது. எல்லைக்கோடெல்லாம் வரைபடத்தோடு சரி.

அடுத்தது குமரிக் கரையின் சிவப்பு, கருப்பு மணல். அம்மன் கல்யாணம் நின்றுபோய், சமைக்காத அரிசியும் பருப்பும் மணலான கதையைப் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். அதை நான் கெடுக்க வரவில்லை. சிவப்பு கார்னெட், கருப்பு இல்மனைட் என்ற கனிமங்கள். இரண்டும் மலைப்பாறையில் இருந்தவை. பாறைக்கு வயது 50 கோடி ஆண்டுக்கும் மேல். அது உதிர்ந்ததை ஆறுகள் கடலில் கொண்டுவந்து சேர்த்தன. அலை அதை முறத்தில் இட்டதுபோலப் புடைக்கிறது: இலேசான வெள்ளை மணல் இழுபட்டுப் போகும், கனத்தது தங்கும். ஆனி ஆடிக் கடல் அடித்து ஓய்ந்ததும் மணவாளக்குறிச்சிக் கரையில் ஒரு கை கருமணல் அள்ளிப் பாருங்கள், கனம் தெரியும்.

அந்த மணலில் மோனசைட் என்ற கனிமமும் உண்டு. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மண்ணில் அதைக் கண்டுபிடித்தார். கேஸ் விளக்கில் வெளிச்சம் தரும் மேண்டில் வலைக்குத் தோரியம் என்ற உலோகம் தேவைப்பட்ட காலம். தோரியம் மோனசைட்டில் இருக்கிறது. இப்படித்தான் மணல் ஆலை இந்தக் கரைக்கு வந்தது. மணலை அள்ளலாமா என்ற வழக்குக்கு இன்று நேரமில்லை. நான் அள்ள வேண்டாம் என்கிற கட்சி, அவ்வளவுதான்.

இப்போது முக்கியமான சீட்டு. “காற்றுமில்லை, மழையுமில்லை, கடல் ஏன் வாசலுக்கு வருகிறது?” நம்மவர்கள் கள்ளக்கடல் என்பார்களே, அது. காரணத்தை இங்கே தேடினால் கிடைக்காது. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்டிகா பக்கம், பெரும்புயல் அடிக்கிறது. அது கிளப்பும் நீண்ட அலையின் வேகம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். நாளுக்கு 1200 கிலோமீட்டர் என்று வைத்தால், பல நாள் கழித்து நம் கரைக்கு வருகிறது. அதற்குள் அங்கே புயலே அடங்கியிருக்கும். இங்கே வானமும் வெளுத்திருக்கும். சித்திரை, வைகாசியில்தான் இது அதிகம். 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்களை அலை கொண்டுபோனதும் இப்படியொரு நேரத்தில்தான். கடல் சீற்ற எச்சரிக்கை அப்போது அமலில் இருந்தது.

இதைச் சுனாமியோடு குழப்ப வேண்டாம். சுனாமி பூகம்பத்தால் வருவது. “சுமத்ரா கிழக்கே, குளச்சல் மேற்கே, 2004இல் அலை எப்படி இங்கே திரும்பியது?” என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அருமையான கேள்வி. ஆழம் குறைந்த இடத்தில் அலையின் வேகம் குறையும். கரையோரமாக வரும் பகுதி பிந்த, ஆழத்தில் வரும் பகுதி முந்த, அலை கரையை நோக்கி வளையும். இலங்கையைச் சுற்றி வளைந்து மேற்குக் கரையையும் அடித்தது இப்படித்தான். நாம் மறைவில் இருக்கிறோம் என்ற நினைப்பு கடலில் செல்லாது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? கைபேசியில் மணி பார்த்து, ஓர் அலை உடைவதற்கும் அடுத்தது உடைவதற்கும் இடையே எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். பக்கத்துக் காற்று கிளப்பும் அலை ஐந்து முதல் எட்டு விநாடிக்கு ஒன்று வரும். பதினைந்து, பதினெட்டு என்று இழுத்தால் அது தூரத்து அலை. பார்க்கச் சாதுவாக இருந்தாலும் கரையில் வெகுதூரம் ஏறும். அன்றைக்குப் பிள்ளைகளைக் காலே நனைக்க விடாதீர்கள். வள்ளங்களை மேட்டுக்கு ஏற்றுங்கள். துறைமுகத்தில் கட்டியவை ஒன்றோடொன்று மோதாமல் இடைவெளி விடுங்கள். கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை தருகிறது. அது வந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பியதோடு நிற்காமல், கரையில் குளிக்கிற வெளியூர்க்காரர்களிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள்.