விலாங்கு தங்கும் ஆறு

நேயர்களுக்கு வணக்கம். சிட்னியின் மேற்குப் புறநகர்களில் வாழும் நம்மவர்களின் நாவில் பரமட்டா என்னும் பெயர் நாள்தோறும் புழங்குகிறது. ரயில் நிலையத்தின் பெயராக நாம் பழகிவிட்ட அச்சொல், விலாங்குகள் தங்கும் இடம் என்னும் பொருளில், இம்மண்ணின் பூர்வகுடிகளான டாருக் மக்களின் மொழியிலிருந்து வந்தது. பரமட்டா ஆற்றங்கரையில் பன்னெடுங்காலம் வாழ்ந்த குலத்தார் பரமட்டகல் எனப்பட்டனர். பிரிட்டிஷ் ஆளுநர் பிலிப் 1788 நவம்பரில் இங்கே குடியேற்றம் அமைத்தபோது ரோஸ் ஹில் என்று பெயர் சூட்டினார். ஆனால் 1791இல் அவரே அதைக் கைவிட்டு, மண்ணின் பெயரை ஏற்றார்.

பரமட்டா ஏரியைச் சுற்றிய காட்டுப்பாதையில் ஒரு குழுவை அழைத்துச் செல்லும்போது, முதலில் அணைச்சுவருக்கு எதிரே நிற்கச் சொல்வது என் வழக்கம். 1856இல் ஹன்ட்ஸ் ஓடையின் குறுக்கே மணற்கல்லால் கட்டப்பட்ட அச்சுவர், நீரை நோக்கி வில்லாக வளைந்து, அதன் அழுத்தத்தை இருபுறப் பாறைகளின் மீது இறக்கிவிடுகிறது. நகரத்துக்குக் குடிநீர் தருவதற்காகக் கட்டிய இவ்வணை 1909 வரை அப்பணியைச் செய்தது.

அங்கே கரையோர நீரில் நீண்ட கரிய உடல் ஒன்று நெளிந்தால், பாம்பு என்று யாராவது பின்வாங்குவார்கள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று நம் ஊரில் விலாங்கைப் பழித்தார்கள். அதன் வாழ்க்கையை அறிந்த எவருக்கும் அப்பழி சற்றே அநியாயமாகத் தோன்றும். பல ஆண்டுகள் நன்னீரில் வளர்ந்த விலாங்கு, பருவம் வந்ததும் கண்கள் பெருத்து, குடல் சுருங்கி, உண்பதை நிறுத்திக் கடலுக்குப் புறப்படுகிறது. வடக்கே பவளக் கடல் வரை நீந்தி, முட்டையிட்டு, அங்கேயே இறக்கிறது. கண்ணாடி இலை போன்ற அதன் குஞ்சுகளைக் கிழக்கு ஆஸ்திரேலிய நீரோட்டம் தெற்கே கொண்டுவருகிறது. கழிமுகத்துக்குள் நுழைந்து ஆற்றின் மேற்பகுதியை நாடும் இளம் விலாங்குகள், ஈரமான சுவர்களில் ஒட்டி ஏறவும் வல்லவை என்பதால், தடுப்பணைகள் அவற்றை முழுமையாக நிறுத்திவிடுவதில்லை.

பாதையில் நீர் ஓணான்கள் வெயில் காயும். பகலிலும் கிளைகளை அண்ணாந்து பாருங்கள்: ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய ஆந்தை, இரவில் பிடித்த போசம் என்னும் மரவாழ் விலங்கின் மிச்சத்தைக் காலில் பற்றியபடியே உறங்குவதுண்டு.

ஓடைகள் கூடி ஆறாகும் இடத்துக்குக் கீழே வரலாறு கனக்கிறது. ஆற்றங்கரையில் பெண் கைதிகளை அடைத்து வேலை வாங்கிய கட்டடங்களின் எச்சங்கள் நிற்கின்றன. 1797இல் குடியேற்றக்காரர்களை எதிர்த்துத் தன் வீரர்களுடன் பரமட்டாவுக்குள் வந்த பூர்வகுடிப் போராளி பெமுல்வுய் குண்டடிபட்டுப் பிடிபட்டு, பின்பு தப்பினார். 1802இல் அவர் சுட்டுக் கொல்லப்படும் வரை போர் ஓயவில்லை. பரமட்டாவின் பழைய ஆளுநர் மாளிகைக்கு உலக மரபுச் சின்னத் தகுதி 2010இல் கிடைத்தது. அதைப் பார்க்க வருவோரிடம் பெமுல்வுய் பெயரையும் சொல்லாமல் நான் நடையை முடிப்பதில்லை.

அம்மாளிகை நிற்கும் பரமட்டா பூங்காவின் ஆற்றோர மரங்களில், சாம்பல்தலைப் பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்குகின்றன. நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு அந்தி வரை காத்திருந்தால், யூகலிப்டஸ் பூக்களின் தேனைத் தேடி அவை கூட்டங்கூட்டமாகக் கிளம்புவதைக் காணலாம்.