மணலித் தீயும் ஓர் இயக்குநரும்

வணக்கம். நான் வடசென்னை, திருவொற்றியூர்க்காரன். சினிமாவில் செட் போடும் வேலை பார்த்தவன்.

சின்ன வயதில் கோடை ராத்திரிகளில் மொட்டைமாடியில்தான் படுப்போம். மேற்கே மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கம் புகைபோக்கி உச்சியில் தீ எரிந்துகொண்டே இருக்கும். சில நாள் மேகத்தின் அடிவயிறே ஆரஞ்சாகத் துடிக்கும். கூடவே அந்த நாற்றம். சரி, அது தனிக் கதை.

பிற்பாடு 'பிளேட் ரன்னர்' பார்த்தேன். 1982இல் வந்த, எதிர்காலத்தைக் காட்டும் ஹாலிவுட் படம். எடுத்த எடுப்பிலேயே இருட்டில் ஆலைகள், கோபுர உச்சியில் குபீரென்று கிளம்பும் தீ. கதை நடப்பது 2019ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் என்கிறார்கள்; எனக்கு மணலிதான் தெரிந்தது. இயக்குநர் ரிட்லி ஸ்காட் வளர்ந்தது இங்கிலாந்தின் வடகிழக்கில், ரசாயன ஆலைகளும் இரும்பாலைகளும் மண்டிய டீஸ் ஆற்றுப் பக்கம். அந்த ஊர்தான் படத்துக்குள் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மாணவராக இருந்தபோது இரவல் கேமராவில் அவர் எடுத்த குறும்படத்தில், ஒரு பையன் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு சைக்கிளில் ஊர் சுற்றுவான். நடித்தது தம்பி டோனி. எண்ணூர் வரை சைக்கிள் மிதித்து மட்டம் போட்டவன் நான்; பிறகு அவரைப் பிடிக்காமல் போகுமா?

அப்புறம் பிபிசியில் செட் வடிவமைப்பு, நிறைய விளம்பரப் படங்கள். முதல் முழுநீளப் படம் 1977இல்தான், நாற்பதை நெருங்கும் வயதில். 1979இல் 'ஏலியன்' என்கிற விண்வெளிப் படம். அதில் ராட்சத உருவம் ஒன்று செத்துக் கிடக்கும் காட்சி. செட் இன்னும் பிரம்மாண்டமாகத் தெரிய வேண்டும். மனிதர் தன் மகன்களுக்குச் சின்ன அளவில் விண்வெளி உடை மாட்டி, தூரக் காட்சியில் நிறுத்திவிட்டார்!

'பிளேட் ரன்னர்' ஆலைக் காடும் ஓர் அறைக்குள் அடங்குகிற மினியேச்சர்தான், அதாவது சின்ன மாதிரி. பித்தளைத் தகட்டில் வெட்டிய கோபுரங்கள், முன்னால் பெரிசு, பின்னால் போகப் போகச் சிறிசு. இண்டு இடுக்கெல்லாம் ஃபைபர் ஆப்டிக் என்கிற மெல்லிய இழை வழியே வெளிச்சம், அறை முழுக்கப் புகை. தீயைத் தனியாக எடுத்துச் சேர்த்தார்கள். தெருக்களோ ஸ்டுடியோவில் ஏற்கெனவே இருந்த பழைய நியூயார்க் செட். அது காட்டிக்கொடுத்துவிடக் கூடாதென்றுதான் அத்தனை ராத்திரி, அத்தனை மழை. செட்காரன் கண்ணுக்கு இது ஏமாற்று இல்லை, கைத்தொழில்.

நம் சினிமாக்காரர்களுக்கு வடசென்னை என்றால் அரிவாளும் கேரம் போர்டும்தான். அந்த எரிச்சலோடுதான் போன மாதம் எண்ணூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். அனல்மின் நிலையச் சாம்பல் மேட்டில் நாலு பையன்கள், கையில் செல்போன். ஒருவன் தலையில் பிரியாணிப் பொட்டலத்து வெள்ளித்தாள் ஒட்டிய ஹெல்மெட்.

"என்ன தம்பி எடுக்கறீங்க?"

"நிலாண்ணா."

மேடு சின்னதாகத் தெரிகிறது என்று அவர்களுக்குக் கவலை. கூட வந்திருந்த ஆறு வயதுப் பொடியனை உச்சியில் ஏற்றச் சொன்னேன். ஹெல்மெட் அவன் கழுத்துவரை இறங்கியது. ஒருத்தன் வீட்டுக்கு ஓடிப்போய்ச் சின்ன அலுமினியக் குண்டான் ஒன்றைக் கொண்டுவந்து, வெள்ளித்தாள் சுற்றிக் கவிழ்த்தான். போனில் பார்த்தோம். மேடு மலையாகியிருந்தது.