போகலாமா என்ற கேள்விக்குள் இருக்கும் கெடுக்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சின்னக் குழந்தைகளோடு வெளிநாட்டில் போய்க் குடியேறலாமா என்று ஒரு குடும்பத்தில் பேச்சு எழுந்தால், அது பெரும்பாலும் இரண்டைத்தான் சுற்றிவரும்: சம்பளம் எவ்வளவு, நாடு எப்படி. இரண்டும் கேட்க வேண்டியவையே. ஆனால் போன பிறகு ஒரு குடும்பம் நிம்மதியாக இருக்குமா, திணறுமா என்பதை முடிவுசெய்பவை வேறு. விசா யார் பெயரில் வருகிறது? கூடப் போகிற கணவனுக்கோ மனைவிக்கோ அங்கே வேலை செய்யும் உரிமை உண்டா? பிள்ளைக்கு எந்த வயதில் என்ன கெடு முடிகிறது? இவை எல்லாவற்றுக்கும் தேதி உண்டு. அந்தத் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதாமல் எடுக்கிற முடிவு, முடிவே அல்ல என்றுதான் சொல்வேன்.

முதலில் விசா. வேலையோடு கட்டிப்போட்ட விசா ஒன்று, நிரந்தர வசிப்புரிமை இன்னொன்று. வேலையோடு கட்டியது என்றால், வேலை போகும் நாளில் குடும்பம் முழுவதன் உரிமையும் ஆட்டம் காணும். திறன் பணியாளர்களுக்கு அமெரிக்கா தரும் எச்-1பி வேலை விசாவில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். அந்த 60 நாளுக்குள் வேறு வேலை பிடிக்க வேண்டும், அல்லது வாடகை ஒப்பந்தத்தை முறித்து, பிள்ளையைப் பாதிப் பருவத்தில் பள்ளியிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். வளைகுடா நாடுகளில் குடும்பத்தின் விசா பெரும்பாலும் வேலை பார்ப்பவரின் விசாவைத்தான் சார்ந்திருக்கிறது. எத்தனை ஆண்டு இருந்தாலும் குடியுரிமையை எதிர்பார்க்க முடியாது. இதனால் அங்கே போகக் கூடாது என்று பொருளல்ல. திரும்பும் ஆண்டை முன்பே குறித்துக்கொண்டு போக வேண்டும் என்று பொருள்.

நிரந்தர வசிப்புரிமையிலும் நிபந்தனை உண்டு. கனடாவில் அதைத் தக்கவைக்க, ஐந்தாண்டில் 730 நாள் அந்த நாட்டில் இருந்தாக வேண்டும். குடியுரிமை கேட்க, ஐந்தாண்டில் 1,095 நாள். முதல் தடவை போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு பார்க்கலாம் என்று ஊர் திரும்பி மூன்று ஆண்டுகளுக்கு மேல் கழித்தவர்களுக்கு இந்தக் கணக்கு தலைவலியாகிவிடும்.

அடுத்தது துணையின் உரிமை. இதைத்தான் மிகக் குறைவாகக் கேட்கிறார்கள். எச்-1பி விசாக்காரரின் குடும்பத்துக்குத் தரும் எச்-4 விசாவில் போகும் துணைக்குப் பொதுவாக வேலை செய்ய அனுமதி இல்லை. முதன்மை விசாக்காரருக்காக, நிரந்தர வசிப்புரிமையான கிரீன் கார்டு வேண்டிப் போட்ட ஐ-140 மனு ஏற்கப்பட்டிருப்பது போன்ற சில நிலைகளில் மட்டும், 2015 முதல், தனியாக விண்ணப்பித்து அனுமதி வாங்கலாம். பிரிட்டனில் 2024 ஜனவரி முதல், பாடவழி முதுகலை படிக்கப் போகும் மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டிச்செல்ல முடியாது. ஆராய்ச்சிப் படிப்புகளுக்கு விலக்கு உண்டு. அதே ஆண்டு மார்ச்சில், புதிதாக விண்ணப்பிக்கும் பராமரிப்புப் பணியாளர்களுக்கும் அந்தக் கதவு சாத்தப்பட்டது. முந்தின ஆண்டு போனவர் குடும்பத்தோடு போனாரே என்பது உங்களுக்குச் செல்லாது. விதியை விண்ணப்பிக்கும் வாரத்தில், அந்த நாட்டு அரசின் சொந்த இணையதளத்தில் படியுங்கள்.

துணையைப் பற்றி இன்னும் இரண்டு கேள்வி கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். முதன்மை விசாக்காரர் இறந்துவிட்டால் துணையும் பிள்ளையும் எத்தனை நாள் அங்கே இருக்கலாம்? மணமுறிவு வந்தால் என்ன ஆகும்? கேட்கவே கூசும் கேள்விகள்தான். ஆனாலும் கேளுங்கள்.

படிப்புத் தகுதியிலும் ஒரு குழி இருக்கிறது. கனடாவுக்கு விண்ணப்பிக்க ஒரு கல்வி மதிப்பீட்டு அறிக்கை வாங்குகிறோம். குடியேற்ற மதிப்பெண்ணுக்கு அது போதும். ஆனால் மருத்துவர், செவிலியர், ஆசிரியர் போன்ற தொழில்களுக்கு அந்த மாகாணத்தின் உரிமம் தனி. இரண்டும் ஒன்று என்று நினைத்துப் போய், உரிமத் தேர்வுகளை முடிக்கும் வரை வேறு வேலை பார்த்தே ஆண்டுகள் கரைந்துவிடுகின்றன. உரிமம் தரும் அமைப்புக்குக் கிளம்புமுன்பே எழுதி, எந்தத் தேர்வு, எத்தனை கட்டம், ஊரிலிருந்தே எதை முடிக்கலாம் என்று கேட்டுவிடுங்கள். கணவன், மனைவி இருவருடைய தொழிலுக்கும் கேளுங்கள்.

இப்போது வயது. பெரியவர்களின் வயதிலிருந்து தொடங்கலாம். ஆஸ்திரேலியாவின் புள்ளி அடிப்படையிலான திறன் விசாவில் 25 முதல் 32 வயது வரை 30 புள்ளி. 33 முதல் 39 வரை 25. 40 முதல் 44 வரை 15. 45 ஆகிவிட்டால் விண்ணப்பிக்க அழைப்பே கிடையாது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையிலும் 30 வயதிலிருந்து புள்ளி ஆண்டுதோறும் குறைந்து 45-இல் பூஜ்யமாகிறது. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். அடுத்த ஆண்டு யோசிக்கலாம் என்று தள்ளிப்போடும்போது, எத்தனை புள்ளியை விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டே தள்ளிப்போடுங்கள்.

பிள்ளையின் வயதுதான் இன்னும் நுணுக்கமானது. அமெரிக்கக் கிரீன் கார்டு வரிசையில் 21 வயதைத் தாண்டும் பிள்ளை பெற்றோரின் விண்ணப்பத்திலிருந்து கழன்றுவிடக்கூடும். 2002-இல் வந்த சட்டம் சிலருக்கு மட்டும் கைகொடுக்கிறது. இப்போது 6 வயதுதானே, இன்னும் 15 ஆண்டு இருக்கிறதே என்று தோன்றும். வேலைவழி கிரீன் கார்டுகளில் ஒரே நாட்டில் பிறந்தவர்களுக்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு என்ற வரம்பு இருப்பதால், சில நாடுகளில் பிறந்தவர்களுக்கு அந்த 15 ஆண்டும் போதாமல் போகலாம். சிங்கப்பூரில், பெற்றோரின் வழியாக நிரந்தர வசிப்புரிமை பெறும் மகனுக்கு ராணுவம், காவல் போன்றவற்றில் இரண்டாண்டு கட்டாயப் பணியான தேசிய சேவைக் கடமை உண்டு. பையன் மழலைப்பள்ளியில் இருக்கும்போது போடுகிற கையெழுத்து, அவனுடைய 18 வயதில் வந்து நிற்கும்.

மொழியைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. பிள்ளைகள் ஆறே மாதத்தில் பேசிவிடுவார்கள், கவலை வேண்டாம் என்பார்கள். பேச்சுமொழி வரும்தான். ஆனால் இருமொழிக் கல்வியை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே ஒரு வேறுபாட்டைக் காட்டினார். விளையாட்டு மைதானத்தில் பேசும் மொழிக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டு. வகுப்பறையில் பாடம் எழுதும் மொழிக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு. இதைப் பிள்ளையின் வயதோடு கூட்டிப் பாருங்கள். 5 வயதில் போகும் குழந்தை 12-க்குள் எட்டிப்பிடித்துவிடும். 13 வயதில் போகிற பிள்ளை, மொழி முழுமையாகக் கைவருமுன்பே பள்ளி இறுதித் தேர்வை எழுத வேண்டியிருக்கும். வீட்டில் இருவர் இருந்தால், மூத்த பிள்ளையின் வயதை வைத்தே முடிவெடுங்கள். இளையதற்கு வசதியான ஆண்டு மூத்ததற்குக் கொடுமையாக அமையக்கூடும். இந்த மொழிச்சுமை பாடமொழி மாறினால்தான். அதே மொழியில் ஏற்கெனவே படிக்கும் பிள்ளைக்கு இது பெரிதும் குறையும்.

பள்ளி ஆண்டையும் பாருங்கள். இங்கிலாந்தில் 4 வயது முடிந்த செப்டம்பரில் வகுப்பு தொடங்கிவிடுகிறது. பின்லாந்தில் 7 வயது ஆகும் ஆண்டில்தான் பள்ளி. ஆஸ்திரேலியாவில் ஆண்டு ஜனவரி இறுதியில் பிறக்கிறது. தவறான மாதத்தில் இறங்கினால் பிள்ளை பாதி வகுப்பை மறுபடி படிக்கும், அல்லது பாதி வகுப்பைத் தாண்டிக் குதிக்கும்.

இனிப் பணம். சம்பளத்தை நாணய மதிப்பால் பெருக்கிப் பார்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். கணக்கு இப்படிப் போட வேண்டும். அங்கே வரும் சம்பளம் 100 என்று கொள்வோம். வரியும் சமூகக் காப்பும் 28 என்றால் மிச்சம் 72. வாடகை 30. இரண்டு குழந்தைகளின் பகல்நேரக் காப்பகம் 20. போக்குவரத்து, மின்சாரம், காப்பீடு 10. சாப்பாடு 12. தீர்ந்தது. இது ஒரு எடுத்துக்காட்டுதான். உங்கள் நகரத்தின் உண்மையான எண்களை இதே வரிசையில் நிரப்புங்கள். காப்பகச் செலவில்தான் பலருடைய கணக்கு கவிழ்கிறது. துணை வேலைக்குப் போனால் வருமானம் கூடும் என்று எழுதியிருப்பார்கள். காப்பகக் கட்டணத்தைக் கழித்தால் அந்தச் சம்பளத்தில் ஏதாவது மிஞ்சுகிறதா என்பதையும் எழுத வேண்டும். சில நாடுகளில் அரசின் காப்பக மானியம் தற்காலிக விசாக்காரர்களுக்குக் கிடைக்காது. அதைத் தனியே விசாரியுங்கள். கையிருப்பாக ஆறு மாதச் செலவும், எல்லோருக்கும் திரும்பி வரும் டிக்கெட் காசும், கடனாக இல்லாமல் சொந்தப் பணமாக இருக்க வேண்டும். இருக்கும் வீட்டை முதல் இரண்டு ஆண்டுக்கு விற்காதீர்கள்.

மருத்துவப் பரிசோதனையில் குடும்பம் முழுவதும் ஒரே அலகு. ஆஸ்திரேலியாவின் நிரந்தர விசாக்களில், குடும்பத்தில் ஒருவர் உடல்நல விதியில் தேறாவிட்டால், விலக்கு கிடைத்தாலொழிய எல்லோருடைய விண்ணப்பமும் நிற்கும். தனிக் கவனிப்பு தேவைப்படும் குழந்தை இருந்தால், கட்டணம் கட்டுவதற்கு முன்பே, பதிவுபெற்ற குடியேற்ற ஆலோசகரிடம் அந்த ஒரு கேள்விக்காக மட்டும் காசு கொடுத்துப் பேசுங்கள். குறையை மறைப்பதோ, ஒரு பிள்ளையின் பெயரை விட்டுவிடுவதோ வேண்டாம். கனடாவில் அறிவிக்காமல் விட்ட குடும்ப உறுப்பினரைப் பின்னால் ஸ்பான்சர் செய்யப் பொதுவாக முடியாது. பொய்த் தகவல் கொடுத்தால் ஐந்தாண்டு தடை.

காகிதங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறப்புச் சான்றில், பாஸ்போர்ட்டில், பள்ளிச் சான்றில் பெயரின் எழுத்து ஒன்றுபோல இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். திருத்தத்துக்குத்தான் அதிக நாள் பிடிக்கும். தடுப்பூசி அட்டையில் ஊசியின் பெயரும் போட்ட தேதியும் வேண்டும். தேதி இல்லாத ஊசியைப் பல இடங்களில் மறுபடி போடச் சொல்வார்கள். 1961 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு, ஆவணம் உண்மையானது என்று சான்றளிக்கும் அப்போஸ்டில் முத்திரை போதும். கனடாவில் அது 2024 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது என்பதால், பழைய வழிகாட்டிகளை நம்பிப் போக வேண்டாம்.

தாத்தா பாட்டியைப் பின்னால் அழைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இருந்தால், அதையும் சோதித்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் கட்டணம் குறைந்த பெற்றோர் விசாவுக்குக் காத்திருப்பு 30 ஆண்டு அளவில் இருக்கும் என்று அந்த நாட்டு அரசே சொல்லியிருக்கிறது. கைக்குழந்தையோடு போகும் தம்பதிக்குத் தாத்தா பாட்டி அருகில் இல்லாத குறை நாளை மறுநாளே தெரியவரும். காய்ச்சல் வந்த பிள்ளையைக் காப்பகம் எடுத்துக்கொள்ளாது. அன்று யார் வேலைக்கு விடுப்பு எடுப்பது என்று இப்போதே பேசிவிடுங்கள்.

இன்னொரு விஷயம், கட்டாயம் சொல்ல வேண்டியது. ஒத்துவராவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவேன் என்று ஒருவர் மனத்துக்குள் வைத்துக்கொண்டு போவதுண்டு. பிள்ளை வழக்கமாக வசிக்கும் நாடு மாறிவிட்ட பிறகு, மற்றவரின் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் அப்படிச் செய்தால் அது சட்டப்படி குழந்தைக் கடத்தலாகக்கூடும். அப்படிக் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்பச் செய்யவே 1980-இன் தனியான ஹேக் உடன்படிக்கை ஒன்று இருக்கிறது. அதில் சேராத நாட்டுக்குக் கொண்டுபோனாலும், குடியேறிய நாட்டு நீதிமன்றம் உங்கள்மேல் நடவடிக்கை எடுக்கலாம். எனவே அரைமனத்தோடு இருப்பவர் அதைக் கிளம்புமுன் சொல்லிவிட வேண்டும். அவருடைய மனத்தயக்கத்தைச் சம்மதமாக எண்ணிக்கொண்டு விண்ணப்பம் போடாதீர்கள்.

எல்லாம் கூட்டிப் பார்த்துப் போகலாம் என்று முடிவானால், ஒரே ஒரு தாள் எழுதுங்கள். எந்தத் தேதியில் மறுபடி உட்கார்ந்து பேசுவது. 18-ஆம் மாதம் சரியாக இருக்கும் என்பது என் கணிப்பு. என்னென்ன நடந்தால் திரும்பிவிடுவது: துணைக்குத் தன் தொழிலில் நுழைய வழி தெரியவில்லை, கையிருப்பு மூன்று மாதச் செலவுக்குக் கீழே போய்விட்டது, மூத்த பிள்ளை இரண்டாம் ஆண்டிலும் பள்ளிக்குப் போக அழுகிறது. இப்படி அளந்து பார்க்கக்கூடியதாக எழுதுங்கள். திரும்பினால் பிள்ளை எந்த வகுப்பில், எந்தப் பாடத்திட்டத்தில் சேரும் என்பதையும் அதிலேயே குறியுங்கள். இருவரும் கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட்டுகள் இருக்கும் உறையிலேயே அந்தத் தாளையும் வைத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.